எஃகு மேம்பாலத்தை நிறுத்தியது தீர்ப்பாயம் மட்டுமா?

"பெங்களூரில் மக்கள் கத்துவதால் எதுவும் மாறாது, எஃகு மேம்பாலத்தைக்கூட பசுமைத் தீர்ப்பாயம்தான் நிறுத்தியது" என்கிறீர்கள். பாதிதான் சரி. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அந்தத் தீர்ப்பாயம் 2016 அக்டோபரில் கொடுத்தது இடைக்காலத் தடை மட்டுமே. அந்த வழக்கைப் போட்டதும் குடிமக்கள் அமைப்புதான். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை, 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டிக் கட்டவிருந்த பாலம் அது. அக்டோபர் 16 அன்று சாலையோரம் மனிதச் சங்கிலி நின்றது. (அல்சூரிலிருந்து நானும் போனேன். கோஷம் கன்னடத்தில், என் உச்சரிப்பு கொடுமை.) 2017 மார்ச்சில் திட்டத்தைக் கைவிட்டது அப்போதைய முதல்வர் சித்தராமையாவின் மாநில அரசேதான். திட்டத்தின் மீது எழுந்த லஞ்சப் புகாரும், 2018-இல் வரவிருந்த சட்டமன்றத் தேர்தலும் அதில் சேர்ந்துகொண்டன என்பேன். ஆனால் தேர்தல் பயம் என்றால் யாரைப் பார்த்துப் பயம்? அப்புறம் எப்படி, மக்களுக்கு இதில் பங்கே இல்லை என்கிறீர்கள்?