லேபிளை அழிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள்

நண்பரே, மென்பொருள் குழுக்கள் நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பிழையையோ வேலையையோ பதியும் ஒவ்வொரு குறிப்பிலும் (இஷ்யூ) அதன் வகையைக் காட்ட லேபிள் ஒட்டுவோம். அதைப் பற்றி நீங்கள், "கிட்ஹப்பில் பழைய லேபிள்களை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள், லேபிள் பெயருக்கு முன்னால் 'முன்னுரிமை:' என்பதுபோல முன்னொட்டு வைத்தால் ஓர் இஷ்யூவுக்கு ஒரே முன்னுரிமைதான் ஒட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. முதலாவது ஆபத்தானதும்கூட.

லேபிளை அழித்தால், மூடப்பட்டவை உட்பட எல்லா இஷ்யூக்களிலிருந்தும் அது கழன்றுவிடும். அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் பழைய இடங்களில் வந்து ஒட்டாது. பெயரை மட்டும் திருத்தினால், ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் புதிய பெயர் தானாகத் தெரியும். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நான் இருந்த குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 'பக்' (பிழை) லேபிளை அழித்துவிட்டோம். அடுத்த வாரம் முழுவதும் மூன்று பேர் உட்கார்ந்து பழைய இஷ்யூக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தோம். அந்த அவதி இன்னொரு குழுவுக்கு வேண்டாம்.

இரட்டை முக்காற்புள்ளி (::) வைத்த லேபிள்களில் ஒன்றை ஒட்டினால் அதே வகையின் மற்றொன்று தானாக விலகுவது, கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபின் வசதி. அதுவும் கட்டணத் திட்டங்களில்தான். கிட்ஹப்புக்கு முன்னொட்டு வெறும் எழுத்துகளே. 'முன்னுரிமை: உயர்வு', 'முன்னுரிமை: தாழ்வு' இரண்டையும் ஒரே இஷ்யூவில் ஒட்டினால் அது தடுக்காது. குபர்னெட்டீஸ் போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களும் 'கைண்ட்/பக்' (வகை/பிழை) என முன்னொட்டு வைக்கின்றன; வகை கண்ணுக்கு உடனே பிடிபடும் என்பதால் அது நல்ல பழக்கம்தான்.

ஆனால் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளின் பெயரைத் தொடாதீர்கள். புதிதாகப் பங்களிக்க வருபவர்களுக்கு ஏற்ற இஷ்யூக்களைக் காட்டும்போது கிட்ஹப் அந்தப் பெயரையும் கவனிக்கிறது.