லினக்ஸ் எல்லா சிப்பிலும் ஓடுமா? விண்டோஸ் இன்டெலுக்கு மட்டுமா?

"விண்டோஸ் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் மட்டும்தான் ஓடும். லினக்ஸ் எவ்வளவு பழைய ப்ராசஸரிலும் ஓடும்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவலின் இரண்டு பாதியுமே தவறு.

1993-ல் வந்த விண்டோஸ் என்டி 3.1, இன்டெலோடு மிப்ஸ், ஆல்ஃபா ப்ராசஸர்களிலும் ஓடியது. பிறகு பவர்பிசியும் சேர்ந்தது. 1996-ல் வந்த என்டி 4.0 சிடியில் இந்த நான்குக்குமான பதிப்புகள் இருந்தன. இன்டெல் அல்லாத கணினிகள் போதிய அளவு விற்கவில்லை, அதனால் அவற்றுக்கான ஆதரவு பின்னர் நின்றுபோனது. இன்று ஆர்ம் சிப் உள்ள லேப்டாப்களில் விண்டோஸ் 11 முழுமையாகவே ஓடுகிறது.

சரி, லினக்ஸ்? ஆர்ம், ரிஸ்க்-வி, ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்று அது ஓடும் இடங்கள் மிக அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே இன்டெல் 386 கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய சிப்புக்காக எழுதிய நிரல் வரிகளையும் யாராவது பராமரித்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் குறைந்தால் ஆதரவும் போய்விடும்.

கெர்னல் ஏற்கும் ப்ராசஸரை நீங்கள் நிறுவும் லினக்ஸ் பதிப்பும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. உதாரணமாக, லினக்ஸ் பதிப்புகளில் ஒன்றான உபுண்டு டெஸ்க்டாப் இப்போது 32 பிட் கணினிகளுக்கு வருவதில்லை. லினக்ஸ் ஓடும் என்று நம்பிப் பழைய கணினி வாங்கும் மாணவர்கள் முதலில் ப்ராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள், அப்புறம் பணம் கொடுங்கள்.