அடியில் உள்ள பெயரும் ஆண்டும் மட்டும் போதாது

அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஓவியர் ஆடுபனின் பறவைப் படம் ஒன்றின் அடியில், அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ராபர்ட் ஹாவெலின் பெயரும் 1830-களின் ஆண்டும் இருப்பதால், அது கையால் வண்ணம் தீட்டிய அசல் அச்சு என்று சொல்லப்படுகிறது. அந்த வரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. 1827 முதல் 1838 வரை லண்டனில் வெளியான ஆடுபனின் 435 பறவைப் படங்களும் பின்னாளில் ஆஃப்செட்டில் (வண்ணங்களைப் புள்ளிகளாகப் பதிக்கும் இயந்திர அச்சில்) மறுபதிப்பாகியிருக்கின்றன. படத்தோடு கீழே உள்ள எழுத்தும் அப்படியே வந்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை இறகின் மேல் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வரிசை பிடித்து நின்றால் அது ஆஃப்செட். அசலில் செப்புத்தகட்டிலிருந்து பதிந்த கோடுகளும், பொடிமணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற சாயலும் தெரியும். அதன்மேல் நீர்வண்ணம் விட்டுப்போகாமல் பரவியிருக்கும். அங்கங்கே கோட்டைத் தாண்டி லேசாக வழிந்தும் இருக்கும் (எனக்குப் பிடித்ததே அந்த வழிசல்தான்).

சட்டத்தைக் கழற்ற முடிந்தால் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாட்மன் நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும், தாள் தயாரித்தவரின் பெயர்) இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஓரம் வெட்டிய தாளில் அது போயிருக்க வாய்ப்புண்டு. அதனால் முதலில் லென்ஸ்.