சைற்றோகுரோம் சியின் மற்ற முகம்

கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் (மைற்றோகொண்ட்ரியா) உள்ள சைற்றோகுரோம் சி என்ற புரதம் இலத்திரன்களைக் கடத்தும் என்பதோடு, அதைப் பற்றிய உங்கள் கட்டுரை நின்றுவிட்டது. 1996இல் உயிரியல் ஆய்வாளர் சியாவோடொங் வாங்கின் ஆய்வுக்குழு கண்டதையும் எழுதியிருக்கலாம்: இதே புரதம் இழைமணியை விட்டு வெளியே கசிந்தால் கலம் தன்னைத்தானே அழிக்கத் தொடங்கிவிடும். புற்றுநோய் ஆய்வில் இது பெரிய விடயம்.

நான் கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை இந்தப் புரதத்தின் கட்டமைப்பு அலகுகளான அமினோ அமிலங்களின் வரிசையை, மனிதனுடையதையும் ரீசஸ் குரங்கினுடையதையும், ஒவ்வொன்றும் 104 ஆக, கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினோம். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி வந்து 58ஆம் இடத்தில் விரலை வைத்தாள். "சேர், இது ஒன்றுதான் வேறை!" சிம்பன்சிக்கும் நமக்கும் அந்த வித்தியாசமும் இல்லை என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

அடுத்த பகுதியில் இதையும் சேருங்கள், அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்.