செவிடனை விடப் பெரிய செவிடு

(புளியரை, சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. கேரளா போகிற லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மாடசாமி அண்ணாச்சி நேற்றுதான் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் காதைச் சோதித்துவிட்டு வந்தவர். சுடலை, ஓர் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் 12 வருஷம் எடுபிடியாக இருந்தவன்.)

சுடலை: என்ன அண்ணாச்சி, இடது காது போச்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

மாடசாமி: காது சோதிக்கிற அந்தப் பெண் எங்கே கொடுத்தாள்! டிப்பர் தட்டி விழுந்தது நிஜம், முட்டி பெயர்ந்தது நிஜம். கேஸ் பிடிக்கிற அந்த ஆள்தான் காதையும் சேர்த்துக்கொள்ளும், நஷ்டஈட்டுத் தொகை ஏறும் என்றான், சேர்த்தேன். அந்தப் பெண் வந்ததும் வராததுமாக இடது பக்கம் நின்று மெதுவாக 'பேரு எந்தா' என்றாள்.

சுடலை: நீங்கள்?

மாடசாமி: மலையாளம் தெரியாது என்றேன்.

சுடலை: சுத்தம்! கேட்டால்தானே அது மலையாளம் என்று தெரியும்?

மாடசாமி: அதை விடு. அப்புறம் ஹெட்போனை மாட்டி இடது காதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள், 90 டெசிபெல்லாம், மண்டைக்குள் லாரி ஹாரன் அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையாராக உட்கார்ந்திருந்தேன், கேட்டால் அமுக்கச் சொன்ன பொத்தானைத் தொடவே இல்லை.

சுடலை: அங்கேதான் போச்சு. நல்ல காதை இரைச்சல் போட்டு அடைக்காத வரைக்கும், ஒரு காது அடியோடு செத்தவனுக்கே 60 டெசிபெல் வாக்கில் சத்தம் மண்டை எலும்பு வழியாக மறு காதுக்குப் போய்விடும், அவன் அமுக்கிவிடுவான். 90க்கும் அமுக்காத நீங்கள் நிஜச் செவிடனை விடப் பெரிய செவிடு.

மாடசாமி: ஒரு தாளை வேறு வாசிக்கச் சொன்னாள். வாசிக்கும்போது இடது காதில் ஓவென்று இரைச்சல்.

சுடலை: குரல் ஏறியிருக்குமே?

மாடசாமி: வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

சுடலை: குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்று சோப்பு கேட்டால் நாம் கத்துகிறோம் இல்லையா, அதேதான். இரைச்சல் கேட்காதவன் கத்த மாட்டான். லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது டாக்டர் 1911லேயே எழுதிவைத்துவிட்டார்.

மாடசாமி: கடைசியில் சாமர்த்தியம் பண்ணினேன் பார். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் சத்தம் விட்டாள், எனக்கு இடது பக்கம் மட்டும்தான் கேட்டது, கம்மென்று இருந்துவிட்டேன்.

சுடலை: ஐயோ, அது ஸ்டெஞ்சர் சோதனை! ஒரே ஸ்வரத்தை இரண்டு காதிலும் விட்டால் எதில் ஓங்கி விழுகிறதோ அதில் மட்டும் கேட்கிற மாதிரிதான் இருக்கும். இடது நிஜமாகவே செத்திருந்தால் வலதில் விட்ட சின்னச் சத்தம் தெளிவாகக் கேட்டிருக்கும், அமுக்கியிருப்பீர்கள். கம்மென்று இருந்தீர்களே, அதுதான் வாக்குமூலம்.

மாடசாமி: அதுக்குத்தானா தலையில் வயர் ஒட்டித் தூங்கச் சொன்னாள்? தூங்கினேனே!

சுடலை: அது பெரா என்கிற சோதனை. நீங்கள் குறட்டை விட்டாலும் காதில் விடுகிற ஒவ்வொரு 'டிக்' சத்தத்துக்கும் காது நரம்பு அலை அலையாகப் பதில் சொல்லும். சரி, திட்டினாளா?

மாடசாமி: திட்டியிருந்தால் பரவாயில்லையே. 'நான் சொன்னது புரியவில்லை போல, இன்னொரு தடவை செய்யலாமா' என்று சிரிக்கிறாள்.

சுடலை: எடுத்ததும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். மனசு அடைத்துக் காது கேட்காமல் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு, அதுகள் நடிக்கிறதில்லை. உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று பார்த்திருப்பாள்.

மாடசாமி: வீட்டில் மட்டும் சொல்லிவிடாதே. உன் மதினி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சுடலை: மதினியா? போன வாரமே இங்கே சொல்லிவிட்டுப் போனார்கள். உங்கள் இடது பக்கம் நின்று, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, அரிசிப் பானையில் நாலாயிரம் போட்டிருக்கிறேன் என்றார்களாம். மறுநாள் அரிசி கலைந்து கிடந்ததாம்.

மாடசாமி: ஏலே, பானையில் ஒன்றுமே இல்லையே!

சுடலை: ஆமாம் அண்ணாச்சி, போடவே இல்லையாம்.