கேமோ அடிக்கும்போது ஏர்பிரஷ் மக்கர் பண்ணுதா? முதல்ல பெயின்ட்டைப் பாருங்க

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுறவங்ககிட்ட அடிக்கடி கேக்குற புலம்பல் இது. அடி நிறம், அதாவது பேஸ் கோட் வரைக்கும் ஏர்பிரஷ் (காத்துல பெயின்ட் தெளிக்கிற சின்ன கன்) நல்லாத்தான் இருந்துச்சு, கேமோ, அதாவது எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்க அடிக்கிற உருமறைப்பு நிறம் ஆரம்பிச்சதும் துப்புது, அடைக்குது, அதனால 0.2 மி.மீ. நாசில் (பெயின்ட் வர்ற நுனித் துளை) வாங்கப் போறேன்னு. தயவுசெஞ்சு வாங்காதீங்க. அக்ரிலிக் பெயின்ட்டுக்கு 0.2 இன்னும் சீக்கிரம் அடைக்கும். 1/48 அளவுல (நிஜத்துல 48-ல ஒரு பங்கு) இருக்குற மெசர்ஷ்மிட் 109 ஜி-க்கு, அதாவது ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் போர் விமான மாடலுக்கு, 0.3 தாராளமாப் போதும்.

பேஸ் கோட்ல வராத தொல்லை கேமோல ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த 109 ஓட பக்கவாட்டுல ஆர்எல்எம் 76 (ஆர்எல்எம்ங்கிறது ஜெர்மன் விமானத் துறையோட நிற எண்) வெளிர் நீலச் சாம்பல் மேல 74, 75, 02-ங்கிற நிறங்களைத் திட்டுத்திட்டா அடிச்சிருப்பாங்க, இதுக்குப் பேர்தான் மாட்லிங். நிஜ விமானத்துல 30 செ.மீ. இருக்குற ஒரு திட்டு 1/48-ல 6 மி.மீ. தான், 1/72-ல 4 மி.மீ. தான். ஒவ்வொரு திட்டுக்கும் ட்ரிகரை இழுத்து விடணும், ஊசி ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுது, அந்த இடைவெளியில நுனியில ஒட்டியிருக்குற பெயின்ட் காஞ்சு ஒரு சின்ன மணி மாதிரி உக்காந்துக்கும், அடுத்த தடவை இழுக்கும்போது அதுதான் பிச்சுக்கிட்டு போய் மாடல் மேல தெறிக்குது. கன் கெட்டுப்போகல. நுனி காயுது, அவ்வளவுதான். தின்னர்ல நனைச்ச இயர்பட்ஸ் ஒண்ணு கைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்பப்ப நுனியைத் துடைங்க, பெயின்ட்ல ரெண்டு சொட்டு ரிடார்டர் (காயறதைத் தாமதப்படுத்துற திரவம்) விடுங்க. காத்தை முதல்ல திறந்து கடைசியா மூடணும், இது பழக்கத்துக்கு வந்துட்டாலே பாதி துப்பல் நின்னுடும்.

அடுத்தது எல்லாரும் தனித்தனியா மாத்துற விஷயம். பெயின்ட் எவ்வளவு தண்ணியா இருக்கு, பிரஷர் எவ்வளவு, எவ்வளவு கிட்ட புடிக்கிறோம், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட விஷயம். மெல்லிசா கோடு வேணும்னா கிட்ட போகணும், கிட்ட போனா பிரஷரைக் குறைக்கணும், பிரஷரைக் குறைச்சா பெயின்ட்டைத் தண்ணியாக்கணும். ஒண்ணை மட்டும் மாத்தினா தொல்லைதான். கெட்டி பெயின்ட்ல பிரஷர் குறைஞ்சா பொறிப்பொறியா விழும், தண்ணி பெயின்ட்ல பிரஷர் ஏறினா சிலந்திக்கால் மாதிரி நாலா பக்கமும் ஓடும். டமியா அக்ரிலிக்கை நான் மாட்லிங்குக்கு 30 பெயின்ட், 70 தின்னர்னு கலக்குவேன், பிரஷர் 10-லேர்ந்து 12 பிஎஸ்ஐ, 2-3 செ.மீ. தூரம். தின்னர்ல மிஸ்டர் லெவலிங் தின்னர்தான் என் சாய்ஸ், அதுலயே ரிடார்டர் இருக்கு, ஆனா லாக்கர் வகை, ஆவி காட்டமா இருக்கும், மூக்கு-வாய் மாஸ்க் இல்லாம தொடாதீங்க. இன்னொண்ணு, கேஜ்ல பிரஷரைப் பாக்கும்போது ட்ரிகரை அமுக்கிக்கிட்டே பாருங்க. சும்மா நிக்கும்போது 15 காட்டுறது காத்து ஓடுறப்போ நல்லாவே இறங்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் படுத்தினாதான் கன்னைக் கழட்டணும். கப்ல குமிழி வருதுன்னா காத்து பின்னாடி ஏறுதுன்னு அர்த்தம், நாசில் சரியா உக்காரல, இல்ல மூடி லூஸு, இல்ல நாசில்ல விரிசல். இறுக்குறேன்னு ஸ்பேனர் போட்டு முறுக்கி நிறைய பேர் அந்த விரிசலை அவங்களே உண்டாக்குறாங்க, எனக்கு அதைப் பாக்கவே மனசு ஆறாது. கோடு ஒரு பக்கமா சாஞ்சு போகுதுன்னா ஊசியை வெளிய எடுத்து நகத்து மேல மெதுவா உருட்டிப் பாருங்க, நுனி வளைஞ்சிருந்தா சுரண்டுறது கைக்குத் தெரியும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. டேங்க் இல்லாத கம்ப்ரசர் ஓடி ஓடி சூடாகும், அந்தக் காத்து ஹோஸ்ல ஆறும்போது ஈரம் தண்ணியா மாறும். மாட்லிங் நடுவுல ஒரு சொட்டு விழுந்தா அந்த ரெக்கையே போச்சு. கம்ப்ரசர்ல ஒரு மாய்ஸ்சர் ட்ராப் (காத்துல இருக்குற ஈரத்தைப் புடிச்சு வைக்கிற பொறி) இருந்தாலும் கன்னுக்குக் கீழ இன்னொண்ணு மாட்டுங்க, விலை பெருசா இல்ல.

டெஸ்ட் பண்ண பேப்பர்ல அடிக்காதீங்க, பேப்பர் உறிஞ்சிடும், சிலந்திக்கால் வர்றதே தெரியாது. பிளாஸ்டிக் ஸ்பூன்ல மாடலுக்கு அடிச்ச அதே பிரைமர், அதே 76 அடிச்சுக் காய வச்சு அது மேல போடுங்க. ஸ்பூனோட வளைவும் 109 உடம்போட வளைவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுல வரிசையா பத்து திட்டு சுத்தமா விழுந்துடுச்சுன்னா கப்ல இருக்குற அந்தக் கலவையோடவே நேரா மாடலுக்குப் போயிடுங்க.