கடனை அடைக்க நினைத்த பெண்ணைப் பார்த்து எதற்குச் சிரிப்பு?

அந்தப் பண ஆலோசனைக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் இணைப்புத் தரப்போவதில்லை. சிரித்தவர்கள் எண்ணிக்கை ஏற்கெனவே போதும். வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாமா என்று ஒரு பெண் போனில் மரியாதையாகக் கேட்கிறார். மாவு, மசாலாப் பொடி, தையல் என்று முடிந்ததெல்லாம் வீட்டிலேயே செய்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்கிறார். ஆலோசனை சொல்ல வந்தவர் சிரிக்கிறார். "உங்கள் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு மதிப்பு போடுவீர்கள்?" என்று கேட்கிறார். கூட இருந்தவர்களும் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

அந்த "சரிங்க சார்" எனக்கு வலித்தது. அவர் கேட்டது அறியாமையால் அல்ல. கடனை முன்கூட்டியே அடைப்பது அறியாமை அல்ல. இதை இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 2011இல் திருச்சி காட்டூர் பக்கம் வீடு கட்ட 12 லட்சம் கடன் வாங்கினோம், 20 ஆண்டுத் தவணை. 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 11,580 ரூபாய். முதல் மாதம் அதில் 10,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். ஐந்து ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால், கட்டிய தொகை ஏறக்குறைய 6.95 லட்சம், அசலில் குறைவது 1.22 லட்சம். 20 ஆண்டும் கட்டி முடித்தால் மொத்தம் 27 லட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை என் கணவர் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிய அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் எல்லாம். சீட்டுப் பணம் வந்தால் கடனுக்கு. போனஸ் வந்தால் கடனுக்கு. நான் ரவிக்கை தைத்த காசு கடனுக்கு. மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. பகுதித் தொகை கட்டும்போதெல்லாம், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டி அதிகம் குறைவது அங்கேதான். 2019இல் கடன் முடிந்தது.

"அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் 12 சதவீதம் கிடைத்திருக்கும்" என்று யாராவது கட்டாயம் கருத்திடுவீர்கள். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். 2020 ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 42,000ஐத் தொட்டது. மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. பிறகு மீண்டுவிட்டதே என்பீர்கள். மீண்டது, மறுக்கவில்லை. ஆனால் அதே மார்ச்சில்தான் துவாக்குடியில் என் கணவர் வேலை பார்த்த பட்டறை மூடிக் கிடந்தது. பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. சந்தை விழுவதும் சம்பளம் நிற்பதும் ஒரே நேரத்தில்தான் வரும். காத்திருந்து மீட்கச் சம்பளம் உள்ளவனால் முடியும். சம்பளம் நின்றவன் பாதி விலைக்கு விற்றுத் தவணை கட்டுவான். அப்போது தவணையைத் தள்ளிப்போட ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், உண்மைதான். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை. எந்த ஃபண்டு இந்த நிம்மதிக்குச் சதவீதம் போடும்?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ, 2022 மே மாதத்திலிருந்து 4இலிருந்து 6.5 சதவீதமாக ஏறியதை மறந்துவிட்டீர்களா? அது ஏறினால் வீட்டுக் கடன் வட்டியும் ஏறும். 20 லட்சம் கடனை 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை சுமார் 15,500. வட்டி 9 ஆனால் மாத வட்டியே 15,000. தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால் 38 ஆண்டு ஆகும். பேரன் கட்ட வேண்டிய கடன் அது. முன்கூட்டி அடைப்பது அறியாமை அல்ல.

வீட்டுக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை போய்விடுமே என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 30 காசு வரியை மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் வட்டி கட்டுவதில் என்ன லாபம்? புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே கிடையாது.

கையிருப்பு முழுவதையும் துடைத்துக் கடனில் போடாதீர்கள், ஆறு மாதச் செலவுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆலோசகர் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. சிரித்தார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை வதைத்தீர்கள் என்றும் சொல்வார்கள். சொல்லியிருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில், என் காது கேட்கவே, "அவள் வீட்டில் காபித்தூளைக்கூட எண்ணித்தான் போடுவாள்" என்றார் என் நாத்தனார். அவர் எங்கள் வீட்டில் எத்தனை தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டிருக்கிறார்! காந்தி மார்க்கெட்டில் மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கி, மாடியில் காயவைத்து, மில்லில் நின்று அரைத்து வந்த பொடியில் வைத்த குழம்பை என் பிள்ளைகள் இன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கூழ் வடகம், மணத்தக்காளி வற்றல், மாவடு. வெளியூர் விடுதியிலிருந்து மகள் போன் செய்தால் முதலில் கேட்பது வடகம் இருக்கிறதா என்றுதான். இது பட்டினி என்றால் எது சாப்பாடு?

என் நேரத்துக்கு என்ன மதிப்பு என்கிற கேள்விக்கு வருகிறேன். என் அம்மா வாழ்நாள் முழுவதும் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார். அவர் நேரத்துக்கு யாரும் மணிக்கணக்கு போடவில்லை. "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்றார்கள். என் நேரத்துக்கும் யாரும் விலை கேட்டதில்லை. அந்த உழைப்பு ஒரு கடனைக் கரைக்கிறது என்று தெரிந்த அன்றுதான் திடீரென்று அதற்கு விலை ஏறிவிடுகிறது, "வீணாக்காதே" என்கிறார்கள். சும்மா இருந்ததாகச் சொன்னபோதும் நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம், வீணாக்குகிறாய் என்றபோதும் நாங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டுமா? இன்னொன்று. எங்கள் வீட்டில் நான் மட்டும் அரைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரைண்டர் என் கணவர் பொறுப்பு. கழுவி வைப்பதும் சேர்த்து.

கடன் முடிந்ததும் வங்கியிலிருந்து மூலப் பத்திரத்தை வாங்கி வந்தோம். (2023 டிசம்பரிலிருந்து, முழுக் கடனும் கட்டிய 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும்; அவர்கள் காரணமாகத் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.) சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணமும் பதிவு செய்தோம். அது இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். மனை என் கணவர் பெயரில் இருந்தது. பாதி அவள் தைத்ததும் அரைத்ததும் என்று சொல்லி, நான் கேட்காமலேயே, என் பெயருக்குப் பாதிப் பங்கைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் குறைவு. என் நேரத்துக்கு அவர் போட்ட மதிப்பு அதுதான். பதிவாகியும் இருக்கிறது.